பதிமூணு வயசுல பெரிய மனுஷி: ஒரு மீனம்பட்டிப் பொண்ணோட கதை

எங்க மாவட்டத்தைப் பத்தி வெளியூர்க்காரங்க யார்கிட்ட பேச்சு கொடுத்தாலும் மூணு விஷயம்தான் வரும். சிவகாசிப் பட்டாசு, காமராஜர், விருதுநகர் எண்ணெய் புரோட்டா. நாலாவதா ஒரு ஆளும் உண்டுங்க, ஸ்ரீதேவின்னு பேருன்னு சொன்னா, பாதிப்பேர் "அட, அவங்க பம்பாய்க்காரங்க இல்லையா?"ன்னு கேப்பாங்க. மீதிப்பேர் ஆந்திரான்னு அடிச்சுச் சொல்லுவாங்க. ரெண்டும் இல்லைங்க. 1963 ஆகஸ்ட் 13, சிவகாசியை ஒட்டி இருக்கிற மீனம்பட்டி. அப்போ விருதுநகர் மாவட்டம்னே ஒண்ணு கிடையாது, எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். எங்க சூலக்கரையில இருந்து 25 கிலோமீட்டர் சொச்சம்தான் சிவகாசி. அப்பா அய்யப்பன் வக்கீல். அம்மா ராஜேஸ்வரி திருப்பதிப் பக்கம். ஆந்திரான்னு சொல்றவங்களுக்கு அந்த அளவுக்கு மார்க் போடலாம். :)

ஸ்ரீதேவியைப் பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க. அழகு, டான்ஸ், பம்பாய்ல போட்ட கொடி, கடைசியில துபாய் ஹோட்டல். நான் அதுக்குள்ள எல்லாம் போகப் போறதில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் ரொம்ப நாளா உறுத்திட்டு இருக்கு. பேபி ஸ்ரீதேவி எப்போ ஸ்ரீதேவி ஆனாங்க? சின்னப் பொண்ணு வேஷத்துல இருந்து பெரிய பொண்ணு வேஷத்துக்கு நடுவுல ஒரு காலம் இருக்கணும் இல்லையா, அது எங்க போச்சு?

வருஷ வாரியா பார்த்துட்டு வருவோம்.

பேபி ஸ்ரீதேவி

தேவர் எடுத்த "துணைவன்" 1969-ல வந்துச்சு. எம்.ஏ.திருமுகம் டைரக்‌ஷன். அதுல பால முருகன் வேஷம் ஸ்ரீதேவிக்கு. கையில வேல், நெத்தியில பட்டை, முகத்துல ஒரு குறும்பு. அதே வருஷம் எம்.ஜி.ஆரோட "நம் நாடு". 1971-ல கே.எஸ்.கோபாலகிருஷ்ணனோட "ஆதி பராசக்தி", அங்கேயும் முருகன். அதே 1971-ல சிவாஜியோட "பாபு". மலையாளத்துல "பூம்பாட்டா"ன்னு ஒரு படம், அதுவும் 1971. அதுக்குக் கேரள அரசோட சிறந்த குழந்தை நட்சத்திர விருது கிடைச்சுச்சு. எட்டு வயசு நிறையறதுக்குள்ள மூணு மொழி, நாலு மொழின்னு ஓட்டம் ஆரம்பிச்சாச்சு.

ஒண்ணு கவனிங்க. தமிழ் சினிமாவுல பெண் குழந்தைன்னா டைட்டில்ல "பேபி", ஆண் குழந்தைன்னா "மாஸ்டர்". பேபின்னு பேரு போட்டாலும் ஸ்ரீதேவிக்குக் கிடைச்சதுல பாதி பையன் வேஷம். குழந்தையா இருக்கிற வரைக்கும் சினிமாவுக்கு ஆணா பெண்ணாங்கிறது பெரிய விஷயமே இல்லை. அந்த வித்தியாசம் பதினொண்ணு, பன்னெண்டு வயசுலதான் வரும். வரும்போது மொத்தமா வரும்.

ஒரே தாவல்

1975-ல "ஜூலி"ன்னு இந்திப் படம். மலையாளத்துல வந்த "சட்டக்காரி"யோட ரீமேக், சேதுமாதவன் டைரக்‌ஷன், லட்சுமி ஹீரோயின். ஹீரோயினோட தங்கச்சியா ஸ்ரீதேவி. கவுன் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடித் திரியிற சின்னப் பொண்ணு. நிஜ வயசுக்குப் பொருத்தமான வேஷம்.

அடுத்த வருஷம், 1976 அக்டோபர், "மூன்று முடிச்சு". பாலசந்தர் டைரக்‌ஷன். தெலுங்குல கே.விஸ்வநாத் எடுத்த "ஓ சீத கத"வோட தமிழ் வடிவம். கமல், ரஜினி, நடுவுல ஸ்ரீதேவி. ஸ்ரீதேவிக்கு 13 வயசு முடிஞ்சு ரெண்டு மாசம்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். செல்வின்னு ஒரு பொண்ணு. அவ காதலிக்கிறது கமலை. ரஜினிக்கும் அவ மேல ஒரு கண்ணு. படகுல போகும்போது கமல் தண்ணியில விழறார், ரஜினி காப்பாத்தாம விட்டுடுறார். அப்புறம் செல்வி ஒரு வீட்டுக்குக் குழந்தைங்களைப் பார்த்துக்கப் போறா, அது ரஜினியோட அப்பா வீடு. அந்த அப்பாவையே (கல்கத்தா விஸ்வநாதன்) கல்யாணம் பண்ணிக்கிட்டு ரஜினிக்குச் சித்தியா வந்து நிக்கிறா. "அம்மா"ன்னு கூப்பிட வைக்கிறா.

இப்போ கணக்குப் போடுங்க. ரஜினிக்கு அப்போ 25 வயசு. அவரை மகனேன்னு கூப்பிடுற சித்திக்கு 13. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பொண்ணுக்கு 13 வயசுன்னு நமக்குத் தோணவே தோணாது. எனக்குத் திகைப்பா இருக்கிறது அதுதான். நடிப்பு அவ்வளவு கச்சிதம். அந்தக் கண்ணுல இருக்கிற வெறுப்பு, குரல்ல இருக்கிற நிதானம் எல்லாம் முப்பது வயசுப் பொம்பளைக்கு உள்ளது. எங்க இருந்து எடுத்தாங்க? தெரிஞ்சதெல்லாம் ஏழு வருஷமா கேமராவுக்கு முன்னாடி நின்ன பழக்கம்தான்.

பார்த்தவங்களும் கேள்வி கேக்கலை. கேக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு. நம்ம ஊர்ல பொண்ணுக்குப் புடவையைக் கட்டிவிட்டா அவ பெரியவ. அவ்வளவுதான் கணக்கு. 1976-ல சட்டப்படி ஒரு பொண்ணோட கல்யாண வயசே 15. அதை 18 ஆக்கினது 1978-ல வந்த திருத்தம். சட்டமே அப்படி இருக்கிறப்போ, புடவை கட்டின செல்வியைப் பார்த்து யாருக்கு உறுத்தும்?

பையன்களுக்குக் கிடைச்ச இடைவெளி

பக்கத்துலயே கமலை வெச்சுப் பாருங்க, விஷயம் பளிச்னு புரியும். ரெண்டு பேருமே குழந்தை நட்சத்திரம். கமல் "களத்தூர் கண்ணம்மா"வுல வந்தது 1960, அஞ்சு வயசு. தொடர்ந்து சில படங்கள். அப்புறம் மீசை அரும்புற வயசு வந்துச்சு. குரல் உடைஞ்சுச்சு. சினிமாவுக்கு அந்த வயசுப் பையனை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியலை. குழந்தையும் இல்லை, ஹீரோவும் இல்லை. அந்த வருஷங்கள்ல கமல் நாடகம், நடனம்னு போனார், தங்கப்பன் மாஸ்டர்கிட்ட உதவியாளரா இருந்தார். 1973-ல "அரங்கேற்றம்", 1974-ல மலையாளத்துல "கன்யாகுமரி", 1975-ல "அபூர்வ ராகங்கள்". ஹீரோன்னு நிக்கும்போது வயசு இருபது.

அந்த இடைவெளி கமலுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும். வேலையில்லாம இருக்கிறது யாருக்கு இனிக்கும்? ஆனா அந்தக் காலத்துலதான் மனுஷன் ஒரு தொழிலைப் பல பக்கத்துல இருந்தும் கத்துக்கிட்டார். சினிமா கண்டுக்காம விட்டதுல ஒரு லாபம்.

பொண்ணுங்களுக்கு அந்த இடைவெளியே கிடையாது. ஹீரோவுக்கு மீசை வேணும், ஹீரோயினுக்குப் புடவை போதும். ஸ்ரீதேவிக்கு மட்டும் நடந்ததுன்னு நெனச்சுடாதீங்க. மீனாவை எடுத்துக்குங்க. 1984-ல "அன்புள்ள ரஜினிகாந்த்" படத்துல ரஜினியை அங்கிள்னு கூப்பிட்ட குழந்தை. 1991-ல "என் ராசாவின் மனசிலே" ஹீரோயின், அப்போ பதினஞ்சு வயசுகூட முடியலை. 1993-ல "எஜமான்"ல அதே ரஜினிக்கு ஜோடி. இந்தப் பட்டியல்ல கொஞ்சம் மாறுபட்டது ஷாலினி. எண்பதுகள்ல பேபி ஷாலினியா கொடிகட்டிப் பறந்துட்டு, நடுவுல ஒதுங்கி இருந்து, 1997-ல "அனியத்திப்ராவு"ல ஹீரோயினா திரும்பி வந்தப்போ வயசு 17. இது நடக்க முடியாத காரியம் இல்லைங்கிறதுக்காகச் சொல்றேன்.

மயிலு

1977 செப்டம்பர், "16 வயதினிலே". பாரதிராஜாவோட முதல் படம், எஸ்.ஏ.ராஜ்கண்ணு தயாரிப்பு. தமிழ் சினிமாவை ஸ்டுடியோவுக்குள்ள இருந்து தெருவுக்கு இழுத்துட்டு வந்த படம்னு சொல்லுவாங்க, அது சரிதான். மயிலுக்கு 16 வயசு. ஸ்ரீதேவிக்கு 14. "மூன்று முடிச்சு"ல சித்தியா இருந்துட்டு இதுல பதினாறுக்கு "இறங்கி" வந்திருக்காங்க!

மயிலு யாரு? பள்ளிக்கூடம் முடிச்ச பொண்ணு. டீச்சராகணும்னு ஆசைப்படுற பொண்ணு. பட்டணத்து டாக்டரை நம்பி ஏமாந்து, கடைசியில சப்பாணிக்காகக் காத்திருக்கிற பொண்ணு. படிச்சவங்கிற அந்த லேசான கர்வத்தை ஸ்ரீதேவி எவ்வளவு அழகா பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க. ஆனா அந்த வேஷத்தைப் போட்ட பொண்ணு அந்த வயசுல பள்ளிக்கூடத்துல இல்லை. பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் விட்டுப்போச்சுன்னு பிற்காலத்துல பேட்டிகள்ல அவங்களே சொல்லியிருக்காங்க. படிச்ச பொண்ணா நடிக்கிறதுக்காகப் படிப்பை விட்டிருக்காங்கன்னு சொன்னா கொஞ்சம் கொடுமையா இருக்கும், ஆனா கணக்கு அப்படித்தான் வருது.

இங்க எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லியாகணும். எங்க தெருவுல ஒரு பெரியம்மா இருக்காங்க. ஸ்ரீதேவிக்கு ஒரு வயசோ ரெண்டு வயசோ மூத்தவங்க. பத்து வயசுல இருந்து தீப்பெட்டி ஆபீஸ் போனவங்க. (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க பக்கம் தொழிற்சாலைன்னு சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். "ஆபீஸ் போறேன்"னா கோட்டு சூட்டு போட்டுட்டுப் போறதா நெனச்சுடாதீங்க.) விடியுறதுக்கு முன்னாடி பஸ் வந்து பிள்ளைங்களை ஏத்திட்டுப் போகும். கட்டையில குச்சி அடுக்குறது, பெட்டி ஒட்டுறது, லேபிள் ஒட்டுறது. கூலி எத்தனை கட்டை அடுக்கினோம்ங்கிற கணக்குல. அந்தப் பெரியம்மாகிட்ட ஒரு தடவை ஸ்ரீதேவி பேச்சு வந்தப்போ சொன்னாங்க: "மயிலு எங்க செட்டு தம்பி. அவ நடிக்கப் போனா, நாங்க குச்சி அடுக்கப் போனோம். பள்ளிக்கூடத்துப் பக்கம் ரெண்டு பேரும் போகலை, என்ன."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிக்க முடியலை.

தாத்தாவுக்கு ஜோடி

தெலுங்குப் பக்கம் கதை இன்னும் விசேஷம். 1972-ல "படி பந்துலு"ன்னு ஒரு படம். என்.டி.ராமாராவ் வாத்தியார். அவரோட பேத்தியா பேபி ஸ்ரீதேவி. ஏழே வருஷம் கழிச்சு, 1979-ல "வேட்டகாடு". ராகவேந்திர ராவ் டைரக்‌ஷன். என்.டி.ஆர் ஹீரோ, ஹீரோயின் ஸ்ரீதேவி! பேத்தி வளர்ந்து வந்து தாத்தாவோட டூயட் பாடுது. என்.டி.ஆருக்கு 56. ஸ்ரீதேவிக்கு அந்த வருஷம்தான் 16 முடியுது. படம் சூப்பர் ஹிட்.

ஏழு வருஷத்துல பேத்தி ஜோடி ஆயிட்டா, ஆனா தாத்தா ஹீரோவாவே இருக்கார். நம்ம சினிமாவுல ஆம்பளைக்கு ஓடுற கடிகாரம் வேற, பொம்பளைக்கு ஓடுற கடிகாரம் வேற. ஒருத்தருக்கு நிக்குது, இன்னொருத்தருக்குப் பறக்குது. இதுல நான் என்.டி.ஆரை மட்டும் குத்தம் சொல்லலை. டிக்கெட் வாங்கி விசில் அடிச்ச நம்ம எல்லாருக்கும் பங்கு இருக்கு.

தமிழ்லயும் சும்மா இல்லை. 1978-ல "சிகப்பு ரோஜாக்கள்", "ப்ரியா". 1979-ல "கல்யாணராமன்", "தர்மயுத்தம்". 1980-ல "வறுமையின் நிறம் சிவப்பு", "ஜானி". 1981-ல "மீண்டும் கோகிலா", குழந்தையோட இருக்கிற மாமியா நடிச்சு பிலிம்பேர் விருது. அப்போ 18 வயசுகூட ஆகலை. "ஜானி"யில அந்தப் பாடகி அர்ச்சனா பேசற நிதானத்தைப் பாருங்க. மகேந்திரன் படத்துல ஆர்ப்பாட்டமே இருக்காது, எல்லாம் முகத்துலயே நடக்கணும். அந்த முகத்துக்குப் பதினேழு வயசு.

திரும்பிப் போன குழந்தை

1982 பிப்ரவரி, "மூன்றாம் பிறை". பாலு மகேந்திரா.

இந்தப் படத்தை எல்லாரும் கமலோட கடைசிக் காட்சிக்காகப் பேசுவாங்க. ரயில்வே ஸ்டேஷன், மழை, குரங்குச் சேட்டை, தலையில சட்டி. கமலுக்கு தேசிய விருது, ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது. ஸ்ரீதேவிக்குத் தமிழக அரசு விருது. யாருக்கு எது கிடைச்சா என்ன, நான் பேச வந்தது வேற.

கதைப்படி விஜிங்கிற பொண்ணு விபத்துல நினைவு தப்பி, குழந்தை மாதிரி ஆயிடுறா. வளர்ந்த உடம்பு, ஆறு வயசு மனசு. நாய்க்குட்டிக்கு சுப்பிரமணின்னு பேரு வெக்கிறா, அடம் பிடிக்கிறா, மை கொட்டுறா, அழறா. இந்தியா முழுக்க இந்த மாதிரி வேஷம் போட்டவங்க எத்தனையோ பேர். பெரும்பாலும் பார்க்கச் சகிக்காது. பெரியவங்க குழந்தை மாதிரி மழலை பேசறது செயற்கையா தெரிஞ்சுடும். ஸ்ரீதேவிகிட்ட அது தெரியலை. ஏன்னு நான் யோசிச்சிருக்கேன்.

இது என் யூகம்தான், யாரும் சண்டைக்கு வராதீங்க. ஆறு வயசுலயும் எட்டு வயசுலயும் ஒரு குழந்தை வெளியே விட்டிருக்க வேண்டிய அடமும் சேட்டையும் அந்தப் பொண்ணுகிட்ட செலவாகாம அப்படியே இருந்திருக்கு. அந்த வயசுல அவங்க லைட்டுக்கு முன்னாடி வேலைப் பிடிச்சுட்டு அசையாம நின்னுட்டு இருந்தாங்க. பதிமூணுல சித்தியா நடிச்ச பொண்ணு, பதினெட்டுல குழந்தையா நடிச்சாங்க. வரிசை அப்படியே தலைகீழ். இந்தப் படத்தை இந்தக் கண்ணோட ஒரு தடவை பாருங்க. கமல் வர்ற கடைசிக் காட்சியைவிட, விஜி சுப்பிரமணியோட விளையாடுற சாதாரணக் காட்சிகள் நெஞ்சை அடைக்கும்.

குரல் இல்லாத ராணி

இந்தியில முதல்ல எடுபடலை. "16 வயதினிலே"யை பாரதிராஜாவே 1979-ல "சோல்வா சாவன்"னு எடுத்தார், ஓடலை. 1983-ல ராகவேந்திர ராவோட "ஹிம்மத்வாலா" வந்துச்சு, அதுக்கப்புறம் நின்னு பார்க்க நேரம் இல்லை. "தோஃபா", "நகினா", "மிஸ்டர் இந்தியா", "சாந்தினி", "லம்ஹே".

இதுல பலருக்குத் தெரியாத ஒரு சமாச்சாரம். "சாந்தினி" 1989-ல வர்ற வரைக்கும் இந்தியில ஸ்ரீதேவிக்குச் சொந்தக் குரல் கிடையாது. பல படங்கள்ல குரல் கொடுத்தவங்க நாஸ்னு ஒரு நடிகை. "ஆக்ரி ராஸ்தா"வுல (1986) ரேகா கொடுத்தாங்க. இந்த நாஸ் யாருங்கிறீங்க? 1954-ல ராஜ் கபூர் தயாரிச்ச "பூட் பாலிஷ்" படத்துல நடிச்ச பேபி நாஸ். கான் திரைப்பட விழாவுல சிறப்புப் பாராட்டு வாங்கின குழந்தை. வளர்ந்ததும் சின்னச் சின்ன வேஷம், அப்புறம் டப்பிங். ஒரு பழைய பேபி இருட்டு ரூம்ல உக்காந்து, இன்னொரு பழைய பேபிக்குக் குரல் கொடுத்திருக்காங்க. ஒருத்தங்களுக்கு முகம் போச்சு, இன்னொருத்தங்களுக்குக் குரல் போச்சு.

1989-ல இன்னொண்ணும் நடந்துச்சு. அந்த ஜனவரி சட்டசபைத் தேர்தல்ல சிவகாசித் தொகுதியில காங்கிரஸ் வேட்பாளரா நின்னவர் அய்யப்பன், ஸ்ரீதேவியோட அப்பா. மகளும் வந்து ஓட்டுக் கேட்டாங்க. கூட்டம் அள்ளுச்சு, ஓட்டு விழலை, தோத்துப்போனார். எங்க பக்கத்து ஆளுங்க இப்படித்தான். காமராஜரையே 1967-ல தோக்கடிச்சவங்க, மயிலுக்காக மனசு மாறுவாங்களா என்ன!

சட்டத்துல ஒரு ஓட்டை

இப்போ பெரியம்மா சொன்ன விஷயத்துக்கு வர்றேன்.

சிவகாசிப் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்ல குழந்தைங்க வேலை பார்த்தது நாடே பேசின விஷயம். எண்பதுகள்ல பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. எம்.சி.மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது சிவகாசியை முன்வெச்சுத்தான். சட்டத்தை மீறி ஒரு குழந்தையை வேலைக்கு வெச்சா, அந்தக் குழந்தைக்காக முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில கட்டணும்னு சொன்னாங்க. படிப்படியா நிலைமை மாறுச்சு. எங்க தெருவுல இப்போ விடியுறதுக்கு முன்னாடி பிள்ளைங்களை ஏத்த வர்ற பஸ் கிடையாது. வர்றதெல்லாம் ஸ்கூல் பஸ்.

சினிமாவுக்கு? 2016-ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, 14 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைங்களை எந்த வேலையிலயும் வெக்கக் கூடாதுன்னு ஆக்கினாங்க. கூடவே ரெண்டு விதிவிலக்கு. குடும்பத் தொழில்ல பள்ளி நேரம் போக உதவி செய்யலாம். சினிமா, டி.வி., விளம்பரத்துல கலைஞரா நடிக்கலாம், சர்க்கஸ் மட்டும் கூடாது. படிப்பு கெடக் கூடாதுங்கிறது நிபந்தனை. 2017-ல வந்த விதிகள்ல இன்னும் விவரம் இருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல கூடாது, மூணு மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல கூடாது, கலெக்டர் அனுமதி வாங்கணும், சம்பளத்துல 20 சதவீதமாவது குழந்தை பேர்ல பாங்குல டெபாசிட் போடணும்.

இந்த டெபாசிட் விஷயம் அமெரிக்காவுல ரொம்பப் பழசு. சாப்ளினோட "தி கிட்" (1921) படத்துல வந்த பொடியன் ஜாக்கி கூகன், வளர்ந்து பார்த்தா சம்பாதிச்ச காசு கையில இல்லை. தாயார் மேலேயே வழக்குப் போட்டார். 1939-ல கலிபோர்னியாவுல அவர் பேராலேயே சட்டம் வந்துச்சு. நமக்கு அந்த மாதிரி ஒரு விதி வர இன்னும் 78 வருஷம் ஆச்சு. "துணைவன்" வந்தப்போ இதெல்லாம் எதுவுமே கிடையாது.

ரெண்டையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. கந்தகத்துலயும் வெடிமருந்துலயும் கை வெக்கிறது வேற, கேமரா முன்னாடி நிக்கிறது வேற. ஸ்ரீதேவி வக்கீல் வீட்டுப் பொண்ணு, கூடவே அம்மா இருந்தாங்க, கிடைச்ச பேரும் புகழும் எந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைக்கும் கனவுலகூடக் கிடைக்காது. அவங்களும் யார் மேலயும் புகார் சொல்லலை. ஆனா ரெண்டு இடத்துலயும் பெரியவங்க எடுத்துக்கிட்டது ஒரே சரக்குதான். அது ஒரு பத்துப் பதினஞ்சு வயசுப் பொண்ணோட காலம். ஒண்ணை நாம குத்தம்னு சொல்ல முப்பது வருஷம் ஆச்சு, இன்னொண்ணைத் திறமைன்னு சொல்லிக் கைதட்டிட்டோம். திறமை உண்மைதான். அதுக்கு என்ன விலைங்கிறதைத்தான் நாம கேக்கலை.

நாப்பத்தொம்பதுல பள்ளிக்கூடம்

1986-ல ரஜினியோட "நான் அடிமை இல்லை"க்குப் பிறகு தமிழ்ல ஆளைக் காணோம். 1997-ல "ஜுதாயி"க்கப்புறம் இந்திப் பெரிய திரையிலயும் நீண்ட இடைவெளி. ரெண்டு பொண்ணுங்களை வளர்த்தாங்க. 34 வயசுல முதல் தடவையா ஓய்வு. அதுக்கு முன்னாடி ஓடினது கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

2012-ல கௌரி ஷிண்டேவோட "இங்கிலிஷ் விங்கிலிஷ்". தமிழ்லயும் வந்துச்சு, அஜித் ஒரு காட்சியில வந்து போவார். சசிங்கிற குடும்பத்தலைவி. லட்டு பிடிச்சு விக்கிறவ. இங்கிலீஷ் தெரியலைன்னு புருஷனும் மகளும் கேலி பண்றாங்க. நியூயார்க் போன இடத்துல, யாருக்கும் தெரியாம ஒரு இங்கிலீஷ் வகுப்புல சேர்ந்துடுறா. நோட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, வாத்தியார் முகத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கிற அந்தக் காட்சி ஞாபகம் இருக்கா? தப்பா சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிற வெக்கம், சரியா சொன்னதும் வர்ற சந்தோஷம். ஒரு பத்தாங்கிளாஸ் பொண்ணோட முகம்.

49 வயசு அப்போ. டீச்சராக ஆசைப்பட்ட மயிலு, 35 வருஷம் கழிச்சு மாணவியா பெஞ்சுல உக்காந்துட்டா. இடையில விட்டுப்போன அந்தப் பதின்ம வயசை அவங்க எங்கயாவது வாழ்ந்தாங்கன்னா, அது அந்த வகுப்பறையிலதான்னு எனக்குத் தோணும்.

2013-ல பத்மஸ்ரீ. 2017-ல "மாம்", 300-வது படம்னு சொல்லி வெளியிட்டாங்க. 2018 பிப்ரவரி 24 துபாய்ல போய்ச் சேர்ந்தாங்க, 54 வயசு. "மாம்" படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை ஏப்ரல்ல அறிவிச்சாங்க. "மூன்றாம் பிறை"க்கு வராதது, ஆள் போனப்புறம் வந்துச்சு.

அந்த வருஷம் ஜூலையில மூத்த மக ஜான்வியோட முதல் படம் "தடக்" வந்துச்சு. ஜான்விக்கு 21 வயசு. அந்த வயசுல அம்மா "மூன்றாம் பிறை"யும் முடிச்சாச்சு, "ஹிம்மத்வாலா"வும் முடிச்சாச்சு. மக 21-லதான் ஆரம்பிச்சாங்க. அம்மாவுக்கு யாரும் கொடுக்காத அந்த வருஷங்களை, மகளுக்கு அம்மா கொடுத்துட்டுப் போயிருக்காங்க. ஸ்ரீதேவி எந்தப் பேட்டியிலயும் புலம்பலை, யாரையும் திட்டலை. சொல்ல வேண்டியதை இப்படித்தான் சொன்னாங்கன்னு நான் எடுத்துக்கறேன்.

கொசுறு: அடுத்த தடவை டி.வி.யில "மூன்று முடிச்சு" போட்டா, பக்கத்துல இருக்கிற எட்டாங்கிளாஸ் பிள்ளையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, அப்புறம் திரையைப் பாருங்க. நான் பார்த்தேன். பாதியிலேயே எழுந்து போய் டீ போட்டுக் குடிச்சுட்டு வந்துதான் மீதியைப் பார்க்க முடிஞ்சுது.